'பேமென்ட் எப்போ வரும்?' - ஃப்ரீலான்ஸ் ஓவியர்கள் பென்சிலை எடுக்கும் முன் பேச வேண்டியவை

"சின்ன வேலைதான், ரெண்டு நாள்ல முடிச்சிடலாம்."
"பட்ஜெட் கொஞ்சம் டைட். ஆனா உங்க பேர் நல்லா ரீச் ஆகும்."
"அக்கவுன்ட்ஸ்ல சொல்லிட்டேன், அடுத்த வாரம் வந்துடும்."

ஃப்ரீலான்ஸாகப் படம் வரைபவர்களில் இந்த மூன்றையும் கேட்காதவர்கள் குறைவு. புத்தக அட்டை, லோகோ, கல்யாணப் பத்திரிகை, யூடியூப் தம்ப்நெயில் என வேலை எதுவானாலும் பிரச்னை ஒன்றுதான். படம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பணம் வந்து சேருவதில்லை. அழுத்திக் கேட்டால் அடுத்த வேலை போய்விடுமோ என்ற பயம். கேட்காமல் இருந்தால் இந்த மாத வாடகைக்கு என்ன செய்வது?

இதில் சட்டம் ஓவியர் பக்கம் நிற்கிறதா? பெரும்பாலும் நிற்கிறது. ஆனால், பலருக்கும் தெரியாத ஒரு விதிவிலக்கும் இருக்கிறது.

சண்டை எங்கே தொடங்குகிறது?

ஒரு சிறுவர் புத்தகத்துக்கு 12 படங்கள், 36,000 ரூபாய் என்று பேசி முடித்ததாக வைத்துக்கொள்வோம். நான்காவது முறையாகத் திருத்தம் கேட்கிறார்கள். "அப்படியே இன்னும் ரெண்டு படம் சேர்த்துக் கொடுங்க" என்கிறார்கள். புத்தகம் தள்ளிப்போகிறது, "புக் வந்ததும் தந்துடுறோம்" என்கிறார்கள். ஆறு மாதம் கழித்து அதே படங்கள் காலண்டரிலும் டி-ஷர்ட்டிலும் வருகின்றன.

இங்கே யாரும் ஏமாற்றத் திட்டமிட்டிருக்க வேண்டியதில்லை. எத்தனை திருத்தம், எந்தத் தேதியில் பணம், வேலை பாதியில் நின்றால் என்ன, படத்தை எங்கெல்லாம் பயன்படுத்தலாம் என்ற நான்கு கேள்விகளை இரண்டு தரப்புமே முதலில் பேசவில்லை. அவ்வளவுதான்.

வாட்ஸ்அப் சாட் செல்லுமா?

செல்லும். 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழி ஒப்பந்தம்கூடச் செல்லும். அதை நிரூபிப்பதுதான் கஷ்டம். மின்னணு வழியில் செய்த ஒப்பந்தம் என்பதற்காகவே அது செல்லாமல் போகாது என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டம், பிரிவு 10ஏ. அதனால் போனில் பேசியதை உடனே மெசேஜாகவோ மெயிலாகவோ அனுப்பி, "ஓகே" என்று பதில் வாங்கிவிடுங்கள். அந்த சாட்டை அழிக்காதீர்கள். 'டிஸ்அப்பியரிங் மெசேஜ்' ஆன் ஆகியிருந்தால் ஆஃப் செய்துவிடுங்கள்.

நான் வரைந்தது எனக்குத்தானே சொந்தம்?

எப்போதும் அல்ல. 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17-ன்படி, படைத்தவரே முதல் உரிமையாளர். ஆனால் ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில், பணம் போன்ற பிரதிபலனுக்காக ஓவியமோ உருவப்படமோ வரைந்து கொடுத்தால், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர் ஆகிவிடுவார். நாம் ஆரம்பத்தில் சொன்ன விதிவிலக்கு இதுதான்.

டிஜிட்டல் இல்லஸ்ட்ரேஷனும் லோகோவும் இதில் அடங்குமா என்று வாதாட இடமுண்டு. அந்த வாதத்தை கோர்ட்டில் நடத்துவதைவிட, "பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும்" என்று முதலிலேயே ஒரு வரி எழுதிவிடுவது சுலபம்.

உரிமை உங்களிடம் இருந்தால், அதை மாற்றிக்கொடுக்க நீங்கள் கையெழுத்திட்ட எழுத்துபூர்வ ஆவணம் தேவை (பிரிவு 19). அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு. இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். உரிமையை விற்ற பிறகும், 'இது நான் வரைந்தது' என்று சொல்லும் உரிமையை பிரிவு 57 உங்களுக்குத் தருகிறது.

பணம் வரவே இல்லை. அடுத்து?

தனி ஆளாக வேலை செய்பவரும் 'உத்யம்' தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்யலாம். ஆதார், பான் இருந்தால் போதும், கட்டணம் கிடையாது. வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே பதிவு செய்துவிடுவது நல்லது.

இந்தப் பதிவு எதற்கு? 2006-ம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டப்படி, குறு, சிறு தொழில்களுக்கான பணத்தை ஒப்புக்கொண்ட தேதிக்குள் தர வேண்டும். அந்தத் தேதியும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாந்திரக் கூட்டு வட்டி. தராதவர்கள் மீது மாநில அரசின் வசதியாக்க கவுன்சிலில் ஆன்லைனிலேயே புகார் கொடுக்கலாம்.

சிவில் வழக்கு என்றால் பொதுவாக 3 ஆண்டுக்குள் போட வேண்டும். "போகட்டும், பார்க்கலாம்" என்று வருடக்கணக்கில் விட்டுவிடாதீர்கள்.

சோஷியல் மீடியாவில் போட்டு உடைக்கலாமா?

கோபம் நியாயம்தான். ஆனால் ஆதாரம் இல்லாமல் "ஃப்ராடு" என்று எழுதினால் அவதூறு வழக்கு உங்கள் பக்கம் திரும்பலாம். முதலில் இன்வாய்ஸ், பிறகு நினைவூட்டல், அதற்கும் பதில் இல்லையென்றால் தேதி குறித்த இறுதி மெயில், கடைசியாக வக்கீல் நோட்டீஸ். இந்த வரிசையில் போனால், பின்னால் எந்த இடத்தில் கேட்டாலும் உங்கள் கையில் ரெக்கார்டு இருக்கும்.

கிளையன்ட் தரப்பின் புகார்கள்

அவர்களிடம் பேசினால் வேறொரு பட்டியல் வரும். அட்வான்ஸ் வாங்கிய பிறகு போனை எடுக்காதவர், இன்னொருவர் படத்தை ட்ரேஸ் செய்து கொடுத்தவர், ஏஐ-யில் எடுத்ததைக் கையால் வரைந்ததாகச் சொன்னவர், தனக்கு மட்டும் என்று விற்றதையே இன்னொருவருக்கும் விற்றவர், வெளிவராத புத்தகத்தின் அட்டையை இன்ஸ்டாகிராமில் போட்டவர்.

இதில் ஒன்றைச் செய்தாலும் பணம் கேட்கும்போது குரல் இறங்கிவிடும். டெட்லைன் தள்ளிப்போகும் என்று தெரிந்தால் அன்றைக்கே சொல்லுங்கள். உங்களால் முடிக்க முடியவில்லை என்றால், செய்யாத வேலைக்கான அட்வான்ஸைத் திருப்பிக் கொடுங்கள்.

அனுப்ப வேண்டிய மெசேஜ்

மேலே பார்த்த 12 பட வேலைக்கு, முதல் ஸ்கெட்சுக்கு முன் இப்படி ஒன்றை அனுப்பியிருந்தால் போதும்:

"படங்கள் 12. மொத்தம் 36,000 ரூபாய், பாதி அட்வான்ஸ். திருத்தம் 2 முறை. அதற்கு மேல் தனிக் கட்டணம். மீதிப் பணம், இறுதிப் படங்கள் கொடுத்த 15 நாளுக்குள். நீங்கள் நிறுத்தினால் அட்வான்ஸ் என்னிடம் இருக்கும். நான் நிறுத்தினால் செய்யாத வேலைக்கானது திரும்ப வரும். பதிப்புரிமை என்னிடமே இருக்கும். முழுப் பணமும் வந்த பிறகு இந்தப் புத்தகத்தில் மட்டும் பயன்படுத்தலாம். சரி என்றால் 'ஓகே' அனுப்புங்கள், வேலையைத் தொடங்குகிறேன்."

பெரிய தொகை என்றால் ஒரு வக்கீலிடம் காட்டி, கையெழுத்திட்ட ஒப்பந்தமாகவே மாற்றிக்கொள்ளுங்கள்.