இருட்டில் நடந்த புள்ளிகள்

ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்தவர் குன்னர் யோஹான்சன். ஒருவரின் தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று மூட்டுகள் மட்டும் ஒளிரும்படி செய்து, இருட்டில் நடக்கவிட்டுப் படம் பிடித்தார். படம் அசையாமல் நின்றபோது பார்த்தவர்களுக்கு அவை வெறும் சிதறிய புள்ளிகள். நகரத் தொடங்கியதுமே, யாரோ நடக்கிறார் என்று சொல்லிவிட்டார்கள். முகமில்லை, உடையில்லை, பின்னணியில்லை. பத்துப் பன்னிரண்டு புள்ளிகளின் அசைவே போதுமானதாக இருந்தது. 1973-இல் இந்த ஆய்வு வெளியானது. ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் பார்த்தாலே மனிதரை அடையாளம் காண முடிகிறது என்று பின்னர் அவரே காட்டினார்.

கணினி இப்படிக் கற்பதில்லை. மனிதச் செயல்களை அடையாளம் காணக் கணினியைப் பயிற்றுவிக்க, டீப்மைண்ட் நிறுவனம் 2017-இல் வெளியிட்ட 'கினெட்டிக்ஸ்' தொகுப்பில் 400 வகைச் செயல்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 400 காணொளித் துணுக்குகள். இத்தகைய தொகுப்புகளில் பயிலும் நிரல்கள் பல நேரங்களில் செயலை விட்டுவிட்டுச் சூழலைப் பிடித்துக்கொள்கின்றன. நீச்சல் குளம் தெரிந்தால் நீச்சல், புல்வெளியும் கோல் கம்பமும் தெரிந்தால் கால்பந்து. இந்தச் சாய்வைத் துறை ஆய்வாளர்களே குறையாகச் சுட்டிக்காட்டி வருகிறார்கள்.

கேமராவுக்குத் தூக்கமில்லை, கவனம் சிதறாது, ஆகவே அது நம்மைவிட நன்றாகப் பார்க்கும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அதில் பாதிதான் உண்மை.

2018 மார்ச் 18 இரவு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டெம்பி நகரம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த 49 வயதுப் பெண் ஒருவர் மீது ஊபர் நிறுவனத்தின் சோதனைத் தானோட்டிக் கார் மோதியது. அவர் இறந்துபோனார். மோதுவதற்கு 5.6 நொடிகளுக்கு முன்பே ரேடார் அவரைக் கண்டுவிட்டது என்கிறது தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை. கண்டும் பயனில்லை. வாகனம், வேறு ஏதோ ஒன்று, சைக்கிள் என்று நிரல் மாற்றி மாற்றிப் பெயர் வைத்தது. பெயர் மாறிய ஒவ்வொரு முறையும், அவர் அதுவரை நகர்ந்துவந்த தடத்தைக் கணக்கில் கொள்ளாமல் அடுத்த பாதையைக் கணித்தது. பாதசாரிகள் கடப்பதற்கான கோடுகள் இல்லாத இடத்தில் ஒருவர் சாலையைக் கடக்கக்கூடும் என்பது அந்த வடிவமைப்பிலேயே இல்லை. காரில் இருந்த கண்காணிப்பு ஓட்டுநரின் கவனமும் கைபேசியில் இருந்தது. அதையும் வாரியம் தவறென்றே பதிவு செய்தது.

எதிரே வருவது இன்னதென்று தெரியாத இருட்டிலும், அது சாலையின் குறுக்கே வருகிறது என்பது மனிதக் கண்ணுக்குப் புரிந்துவிடும். நமக்கு அசைவு முதலில், பெயர் பிறகு. அந்தக் காருக்குப் பெயர் தெரியும்வரை அசைவுக்குப் பொருளே இல்லை.

இப்போது கடைகளுக்கும் பள்ளிகளுக்கும், 'சந்தேகத்துக்குரிய நடத்தையைக் கண்டறியும்' கேமராக்களை விற்க வருகிறார்கள். வாங்கும் பொறுப்பில் நீங்கள் இருந்தால், அந்தக் கருவி எதைப் பார்த்து ஒருவரைச் சந்தேகிக்கிறது என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.