காப்பகத்திலிருந்து திரும்பிய நாய்

குடும்பத்தோடு வெளியூர் செல்வோர் வீட்டு நாயை என்ன செய்வது என்னும் கேள்விக்கு முன்னாளில் விடை எளிதாயிருந்தது. அடுத்த வீட்டார் சோறு வைப்பர். நாயும் திண்ணையிலேயே கிடந்து வீட்டைக் காக்கும். இந்நாளில் கோடை விடுமுறை வந்தால் அடுத்த வீடும் பூட்டிக் கிடக்கின்றது. ஆகவே பெருநகரங்களில் மட்டுமன்றிச் சிறு நகரங்களிலும் நாய்க் காப்பகங்கள் தோன்றியுள்ளன. நாளொன்றுக்கு இவ்வளவு எனக் கட்டணம் பெற்று, கூண்டில் வைத்து உணவளித்துத் திருப்பித் தருகின்றனர். இவ்வேற்பாட்டைக் குறைகூற நான் முற்படவில்லை. திரும்பி வந்த நாயை எத்தனை நாள், எப்படிக் கவனிக்க வேண்டும் என்பதைப் பலரும் அறியாதிருக்கின்றனர். நானும் அறியாதிருந்தேன்.

2022ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆண்டுத் தியானத்திற்காகப் பத்து நாள் நான் பங்கில் இல்லை. சமையற்காரரும் மகளின் பேறுகாலத்திற்காக ஊருக்குச் சென்றிருந்தார். எனவே எங்கள் இல்லத்து நாயை ஒரு காப்பகத்தில் விட்டோம். மணி என்பது அதன் பெயர், சிப்பிப்பாறைக் கலப்பு, அப்போது ஐந்து வயது.

திரும்பி அழைத்து வந்த அன்று அதன் குரைப்பொலி கம்மியிருந்தது. தண்ணீரைக் கண்டதும் மூச்சு விடாமல் குடித்தது. இரண்டு நாள் ஓயாது உறங்கியது. மலமும் சிறிது இளகியிருந்தது. நாங்கள் அஞ்சினோம். ஆயின் இவை அஞ்சத்தக்கவை அல்ல என்பதைப் பின்னர் அறிந்தேன். பல நாய்கள் அடைந்து கிடக்கும் இடத்தில் ஒன்று குரைத்தால் மற்றவையும் குரைக்கும். தொண்டை கட்டத்தான் செய்யும். இரவில் ஆழ்ந்த உறக்கமும் இராது. மனக்கலக்கமும் உணவு மாற்றமும் குடலைத் தாக்குவதால் வழவழப்பான சளியோடு கூடிய கழிச்சல் ஓரிரு நாள் காணப்படுவதுண்டு. தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கொடுத்து, கஞ்சியோ குழைந்த சோறோ வைத்தால் பெரும்பாலும் தானே சீராகிவிடும். மணிக்கும் மூன்றாம் நாள் எல்லாம் சீராயிற்று. இனிக் கவலையில்லை என்று நாங்களும் கவனத்தை விட்டுவிட்டோம். அங்கேதான் தவறினோம்.

ஒன்பதாம் நாள் மணி தட்டில் பாதிச் சோற்றை மிச்சம் வைத்தது. வாசற்கதவு திறக்கும் ஓசை கேட்டால் பாய்ந்தோடும் நாய், தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு மீண்டும் படுத்துக்கொண்டது. "விட்டுட்டுப் போயிட்டோம்னு கோபம், சாமி. இன்னும் தீரல," என்றார் சமையற்காரர். எனக்கும் அவ்வாறே தோன்றியது. உண்மையைச் சொன்னால், அவ்வெண்ணம் எனக்கு ஒருவகை இன்பத்தையும் தந்தது. நம்மைப் பிரிந்து வாடியதோர் உயிர் நம்மீது ஊடல் கொள்கின்றது என்று நினைக்க யாருக்குத்தான் பிடிக்காது? அந்நினைப்பில் மூன்று நாள் கழிந்தது. நாங்கள் கோபம் என்று பெயரிட்டது காய்ச்சல்.

பன்னிரண்டாம் நாள் காலை, அது படுத்திருந்த தரையில் இரண்டு சொட்டு இரத்தம் கிடந்தது. மூக்கிலிருந்து வடிந்தது. உபதேசியார் இளமையில் ஆடு மேய்த்தவர். அவர் குனிந்து நாயின் காதை மடித்துப் பார்த்தார். கால் விரல்களை விரித்தார். "சாமி, இங்க பாருங்க," என்றார். விரலிடுக்கில் கொட்டைமுத்துப் போல் உப்பிய உண்ணிகள் மூன்று இருந்தன. காதினுள்ளே பொடி உண்ணிகள் பல.

கால்நடை மருத்துவர் நாயின் உதட்டைத் தூக்கி ஈறுகளை எனக்குக் காட்டினார். இளஞ்சிவப்பாயிருக்க வேண்டிய ஈறு வெளுத்திருந்தது. அதன்மேல் குண்டூசியால் குத்தியது போன்ற செம்புள்ளிகள். அடிவயிற்றிலும் அவையே. உடல் வெப்பம் 104 டிகிரிக்கு மேல் இருந்தது. நாய்க்கு இயல்பான வெப்பம் ஏறத்தாழ 101 முதல் 102.5 டிகிரி வரை என்பதும், நம் உடலினும் அது சூடானது என்பதும், ஆகவே கையால் தொட்டுப் பார்த்துக் காய்ச்சலை அறிய இயலாது என்பதும் அன்று நான் கற்ற பாடங்கள். இரத்தத்தைச் சோதித்தபோது, இரண்டு இலட்சத்திற்குக் குறையாமல் இருக்க வேண்டிய தட்டணுக்கள் 38,000 மட்டுமே இருந்தன. எர்லிக்கியா எனப்படும் நுண்ணுயிரால் வரும் உண்ணிக் காய்ச்சல் என்றார்.

இந்நோயின் போக்கை அறிந்துகொண்டால், நாட்கணக்கு ஏன் இன்றியமையாதது என்பது விளங்கும். பழுப்பு நிற நாய் உண்ணி இரத்தம் குடிக்கையில், சில மணி நேரத்திலேயே கிருமியை நாயின் உடலில் செலுத்திவிட வல்லது. ஆயினும் நோய் வெளிப்பட எட்டு முதல் இருபது நாள் வரை ஆகும். அதாவது, காப்பகத்தில் கடி பட்ட நாய் நலமாகவே வீடு திரும்பும். நலமாகவே ஒரு வாரம் இருக்கும். நாமும் பயணத்தை மறந்திருப்போம். பின்னரே காய்ச்சலும் சோர்வும் உணவு வெறுப்பும் தோன்றும். இதனினும் கொடியது ஒன்றுண்டு. சில நாய்களில் இவ்வறிகுறிகள் மருந்தின்றியே அடங்கி, கிருமி உடலில் மறைந்து தங்கி, மாதங்கள் கழித்து எலும்பு மச்சையையே கெடுத்துவிடும். அந்நிலையில் மருத்துவம் பெரும்பாலும் பயன் தருவதில்லை. 1935இல் அல்ஜீரியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இந்நோய், வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்கப் படையின் நாய்களை நூற்றுக்கணக்கில் மாய்த்தது. மணியின் "கோபம்" தானே தணிந்திருந்தால், நாங்கள் மகிழ்ந்திருப்போம் என்பதை எண்ணும்போது இன்றும் நெஞ்சு திடுக்கிடுகின்றது.

டாக்சிசைக்ளின் என்னும் மருந்தை 28 நாள், ஒருநாளும் தவறாமல், உணவோடு கொடுக்கச் சொன்னார். இரண்டாம் நாளே மணி எழுந்து வாலாட்டியது. இத்தருணத்தில்தான் பலர் மருந்தை நிறுத்திவிடுகின்றனராம். சமையற்காரர் நாட்காட்டியில் ஒவ்வொரு நாளையும் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தார்.

உண்ணி கடத்தும் வேறொரு நோயும் உண்டு. பபீசியா என்னும் அக்கிருமி இரத்தச் சிவப்பணுக்களை அழிப்பதால், சிறுநீர் காப்பி நிறமாகலாம். ஈறு வெளுத்தோ மஞ்சளித்தோ போகலாம். அதற்கு மருந்து வேறு. ஆதலால் இரத்தச் சோதனையின்றி ஊகத்தால் மருந்து வாங்குதல் தகாது. நாம் காய்ச்சலுக்கு விழுங்கும் மாத்திரைகளை நாய்க்குக் கொடுத்தல் அதனினும் தகாது. அவற்றுட் சில அதன் குடலையும் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் கெடுப்பவை.

உண்ணி தொடர்பில்லாத நோய்களும் காப்பகத்திலிருந்து வருவதுண்டு. தொண்டையில் எலும்பு சிக்கியது போலக் கரகரத்து இருமி, இறுதியில் வெண்ணுரை கக்கினால், அது காற்றின் வழி பரவும் காப்பக இருமல். இரண்டு நாள் முதல் இரண்டு வாரத்திற்குள் தோன்றும். வலிய நாய்க்குப் பெரும்பாலும் தானே குணமாகும்; குட்டிக்கும் கிழ நாய்க்கும் நுரையீரல் வரை செல்லக்கூடும். தடுப்பூசி முடியாத குட்டி வாந்தியெடுத்து இரத்தமாய்க் கழிந்தால், அது பார்வோ நோயாயிருக்கலாம். மறுநாள் வரை காத்திருக்கலாகாது. மழைக்காலத்தில் எலிகள் நடமாடும் காப்பகத்திலிருந்து வந்த நாய்க்கு வாந்தியும் கண்ணில் மஞ்சளும் தோன்றினால் எலிக்காய்ச்சலை ஐயுற வேண்டும். அது நாயின் சிறுநீரால் மனிதருக்கும் தொற்றும். கழுவித் துடைப்பவர் கையுறை அணிதல் நலம்.

மணி தேறிய பின், காப்பக உரிமையாளரிடம் தொலைபேசியில் பேசினேன். என் குரலில் கடுமை இருந்திருக்க வேண்டும். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க விடும்போது உண்ணி இல்லைன்னு பார்த்தீங்களா, சாமி?" என்றார். நான் பார்க்கவில்லை. ஈறு எந்நிறத்தில் இருந்தது என்பதையோ, எடை எவ்வளவு என்பதையோ அறிந்திருக்கவும் இல்லை. முன்னிருந்த நிலையை அறியாதவன் பின்வந்த மாற்றத்திற்கு யாரைச் சாட்டுவது? அவ்வுண்ணி அங்கிருந்து வந்ததா, எங்கள் வளாகத்திலேயே இருந்ததா என்பதை இன்றும் என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆயினும் அவர் அடுத்த வாரமே கூண்டுகளைக் காலிசெய்து மருந்து தெளித்ததாகச் சொல்லியனுப்பினார். நாங்களும் தாழ்வாரத்துச் சுவர் வெடிப்புகளைப் பூசினோம். ஒரு பெண் உண்ணி இத்தகைய வெடிப்புகளில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதன் வழித்தோன்றல்கள் பல மாதங்கள் இரத்தமின்றியும் காத்துக் கிடக்கும்.

இப்போதெல்லாம் மணியை விடுவதற்கு முன்பே மருத்துவர் சொற்படி உண்ணி தடுப்பு மருந்து கொடுத்துவிடுகின்றோம். அதனை உபதேசியார் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறுவார், பின் தனியே ஏறுவார், கழித்துக் குறித்துக்கொள்வோம். ஈற்றை விரலால் அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்புகின்றதா என்று பார்ப்போம். உறங்கும்போது மூச்சை எண்ணுவோம். நிமிடத்திற்கு முப்பதுக்குள் இருக்க வேண்டும். திரும்பிய அன்று காது, விரலிடுக்கு, கழுத்துப் பட்டையின் அடிப்பகுதி, வாலின் கீழ் எனத் தேடுவோம். உண்ணி கண்டால் மண்ணெண்ணெய் தடவுவதில்லை. இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, கையால் நசுக்காமல் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுவோம். சமையற்காரர் நாட்காட்டியில் அன்று முதல் இருபத்தொன்றாம் நாளைச் சுற்றி வட்டமிடுவார். அந்நாள் வரை மணி சோற்றை மிச்சம் வைத்தால், கோபம் என்று எங்கள் இல்லத்தில் யாரும் சொல்வதில்லை. வெப்பமானியை எடுக்கின்றோம்.