மருமகள் திருடியா? மறதிநோய் சொல்லும் பொய்க் குற்றச்சாட்டு

தலையணைக்குக் கீழே வைத்த காசைக் காணவில்லை, மருமகள்தான் எடுத்துவிட்டாள் என்று வீட்டுக்கு வருவோரிடமெல்லாம் உம்மா முறையிடுகிறார். மருமகள் அறைக்குள் அழுகிறாள். மகன் யாரை நம்புவது என்று தெரியாமல் நிற்கிறார். இப்படிச் சிதைந்த குடும்பங்கள் நம் ஊர்களில் பல. உண்மையில் அங்கே பேசுவது உம்மா அல்ல, நோய்.

டிமென்ஷியா எனும் மறதிநோயை வெறும் ஞாபகக் குறைவாகவே நாம் பார்க்கிறோம். ஆனால் ஜேர்மன் வைத்தியர் அலோயிஸ் அல்சைமர் 1901இல் பரிசோதித்த 51 வயதுப் பெண்ணிடம் முதலில் தென்பட்டது கணவர் மீதான சந்தேகமே. அவர் மூலமே அல்சைமர் நோய் உலகுக்குத் தெரியவந்தது.

காசை இடம்மாற்றி ஒளித்தது மறந்துபோகிறது. வைத்த ஞாபகம் மட்டும் நிற்கிறது. அந்த இடைவெளியை மூளை "யாரோ எடுத்துவிட்டார்" என்று நிரப்பிக்கொள்கிறது. எப்போதும் அருகில் இருந்து பராமரிப்பவர் மீதே பழி விழுகிறது. சிலர் சொந்த வீட்டிலிருந்தே "வீட்டுக்குப் போகவேண்டும்" என்பார்கள். லூவி உடல் மறதிநோயில், இல்லாத பிள்ளைகளும் பிராணிகளும் கண்முன் தெளிவாகத் தெரியும். இதை ஜின் என்றும் சூனியம் என்றும் எண்ணி அலைவதில் சிகிச்சைக்கான காலம் கழிந்துவிடுகிறது. துஆச் செய்வதும் வைத்தியரிடம் போவதும் ஒன்றுக்கொன்று முரணல்ல.

வாதாடாதீர்கள், குற்றச்சாட்டை ஆமோதிக்கவும் வேண்டாம். "வாங்க உம்மா, சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லி, பின் பேச்சை மாற்றுங்கள். வழக்கமாக ஒளிக்கும் இடங்களை அறிந்து வையுங்கள். கண்ணாடி விம்பத்தை அந்நியராக நினைத்தால் கண்ணாடியை மூடுங்கள். பார்வை, செவிப்புலன் குறைபாடுகளைக் கவனியுங்கள்.

ஓரிரு நாட்களில் திடீரெனக் குழப்பம் கூடினால் தாமதிக்காதீர்கள். சிறுநீர்த் தொற்று, நீரிழப்பு, மலச்சிக்கல், புதிய மருந்து என்பன காரணமாகலாம்; அவற்றைக் குணப்படுத்த முடியும். பிரமைக்கான மாத்திரைகளை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். மறதிநோயுள்ள முதியோரில் அவை மரண அபாயத்தைக் கூட்டும் என அமெரிக்க மருந்து நிர்வாகம் 2005இல் எச்சரித்தது. லூவி உடல் நோயாளருக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஆலோசனைக்கு 1926 எனும் தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைக்கலாம்.

உம்மாவுக்கு வைத்தியம் தேவை. பழிசுமந்த மருமகளுக்கு, "நீ எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும்" என்ற ஒரு வார்த்தை தேவை. அதை இன்றே சொல்லுங்கள்.