அங்கேரி மொழியின் வாக்கிய அமைப்பு

ஐரோப்பாக் கண்டத்தின் நடுவே அங்கேரி நாட்டில் வழங்கும் மொழியை அந்நாட்டார் 'மஜ்யர்' என்பர். சூழ வழங்கும் ஜெர்மன், ஸ்லாவியம், ருமேனியம் ஆகியவற்றோடு அதற்கு இனவுறவு இல்லை. பின்லாந்து மொழியே தூரத்து உறவு. ஸாய்னோவிச் என்னும் பாதிரியார் லாப்லாந்து மக்களின் மொழியோடு இதனை ஒப்பிட்டு 1770-ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டார்.

தமிழ் மாணாக்கர்க்கு இம்மொழி முதற்கண் எளிதாகவே தோன்றும். நம் மொழியிற்போல இதிலும் வேற்றுமையுருபு பெயர்க்குப் பின்னே ஒட்டும். 'ஹாஸ்' என்பது வீடு, 'ஹாஸ்பன்', வீட்டில். 'கெர்த்' என்பது தோட்டம், 'கெர்த்பென்', தோட்டத்தில். பெயரின் உயிரோசைக்கு இயைய உருபின் உயிரும் திரிதல் காண்க. 'பேதெர் டியாக்' என்றால் 'பேதுரு மாணவன்' என்பதாம். நமக்குப்போலவே அவர்க்கும் ஆண்டு வினைச்சொல் வேண்டுவதில்லை. உடைமை கூறுங்காலும் 'எனக்கு உண்டு' என்னும் முறையே வழங்கும்.

ஆயின், வினைமுற்றை அணுகியவுடன் இவ்வெளிமை நீங்கும். தமிழ் வினைமுற்று எழுவாயை மட்டுமே நோக்கி ஈறு பெறும். அங்கேரி வினைமுற்றோ செயப்படுபொருளையும் நோக்கும். யாதானும் ஒரு கடிதம் எழுதுபவன் 'லெவெலெத் ஈரொக்' என்பான். இன்ன கடிதமென அறியப்பட்டதாயின் 'ஈரொம் அ லெவெலெத்' என்பான். 'அ' என்பது ஆங்கிலத்துத் 'தி' போன்ற சுட்டு. 'லெவேல்' என்னும் பெயர் ஈரிடத்தும் இரண்டாம் வேற்றுமையின் தகரவுருபை ஏற்றே நிற்க, வினையின் ஈறே மாறிற்று.

இவ்வேறுபாடு நமக்குப் புதிதன்று. 'கடிதம் எழுதுகிறேன்' என உருபு தொகுத்துக் கூறுதற்கும், 'கடிதத்தை எழுதுகிறேன்' என விரித்துக் கூறுதற்கும் பொருள் வேறுபடுதலை நாம் நாடோறும் உணர்கின்றோம். நாம் பெயரிற் காட்டுவதனை அவர் வினையிற் காட்டுகின்றனர், வேற்றுமை இத்துணையே. ஆதலின் அவர்தம் மொழியில் 'ஈரொம்' என்ற ஒரு சொல்லே 'அதனை எழுதுகிறேன்' எனப் பொருள்படும். 'ஸெரெத்லெக்' என்ற ஒரு சொல்லுள் 'நான் உன்னை நேசிக்கிறேன்' என்னும் வாக்கியம் முழுதும் அடங்கும்.

சொற்கிடக்கை முறையினும் ஒரு நுட்பமுண்டு. வற்புறுத்தப்படும் சொல் வினைக்கு அணித்தே முன் நிற்கும். 'அ லெவெலெத் பேதெர் ஈர்ய' என்றால், கடிதத்தை எழுதுபவன் பேதுருவே, பிறன் அல்லன் என்பதாம். 'பேதெர் அ லெவெலெத் ஈர்ய' என்றால், அவன் எழுதுவது கடிதத்தையே, பிறிதொன்றனை அன்று என்பதாம். நமது பிரிநிலை ஏகாரம் செய்யும் தொழிலை அங்கே இடமே செய்கின்றது.

இவ்வொப்புமைகளைக் கண்டு இரண்டும் ஓரினம் எனத் துணிதல் ஆகாது. கால்டுவெல் ஐயர் 1856-ஆம் ஆண்டின் தம் ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளைச் சித்திய இனத்தோடு சேர்த்தெண்ணினார். அங்கேரி மொழியும் அவ்வினத்துள் வைக்கப்பட்டிருந்தது. பின்வந்த மொழிநூலாருட் பெரும்பாலார் அக்கொள்கையை ஏற்றிலர். உறவில்லாத மொழிகளும் ஒரு கருத்தைத் தத்தம் வழியே தெளிவுறக் காட்டும் என்பதே ஈண்டு நாம் கொள்ளத்தக்கது. பிறமொழியின் இலக்கணம் பயிலுந்தோறும் நம் மொழியில் நாம் எண்ணாது ஆளும் முறைகளின் அருமை நமக்குப் புலனாகும்.