வெப்பநிலைமானியின் முனையில் என்ன இருக்கிறது?

பாதரச வெப்பநிலைமானி ஆய்வகத்தில் உடைந்தால் அன்றைய வகுப்பு அவ்வளவுதான். பாதரசப் பயன்பாட்டைக் குறைக்க 2013இல் மினமாட்டா உடன்படிக்கை ஏற்கப்பட்டது. இன்று வீடுகளிலும் டிஜிட்டல் வெப்பநிலைமானிதான். அதன் முனையில் என்ன இருக்கிறது என்று மாணவர்களைக் கேட்டால், "சென்சார்" என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தச் சொல்லைத் திறந்து காட்ட ஒரு மல்டிமீட்டர் எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

காய்ச்சல் பார்க்கும் கருவியின் முனையில் இருப்பது தெர்மிஸ்டர். உலோக ஆக்சைடுகளால் ஆன சிறு குறைகடத்தி மணி. மின்னணுப் பொருள்கள் விற்கும் கடையில் 10 கிலோஓம் தெர்மிஸ்டர் என்று கேட்டால் சில ரூபாய்க்குக் கிடைக்கும். அதன் மின்தடை 25 டிகிரி செல்சியஸில் 10 கிலோஓம். பனிக்கட்டி நீரில் 30 கிலோஓமைத் தாண்டும். உடல் வெப்பநிலையில் ஏறக்குறைய 6 கிலோஓமுக்கு இறங்கும்.

இதை விரல்களுக்கிடையே பிடிக்கச் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "சூடானா மின்தடை கூடும்னு படிச்சோமே, இது குறையுதே டீச்சர்?" இந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்லிவிடாதீர்கள், ஐந்து நிமிடம் அவர்களே வாதிடட்டும். உலோகத்தில் கட்டற்ற எலக்ட்ரான்களின் எண்ணிக்கை அநேகமாக மாறுவதில்லை. அணுக்களின் அதிர்வு கூடுவதால் அவை செல்லும் வழிதான் தடைப்படுகிறது. குறைகடத்தியிலோ, சூடேறும்போது மின்னோட்டத்தைச் சுமப்பவற்றின் எண்ணிக்கையே பெருகுகிறது. வெள்ளி சல்பைடில் இந்தத் தலைகீழ்ப் போக்கை ஃபாரடே 1833இலேயே கண்டார்.

உலோகத்தின் போக்கைப் பயன்படுத்துவது பிளாட்டினம் உணரி. 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம். மாற்றம் சிறிது, ஆனால் ஏறக்குறைய நேர்கோட்டில் அமையும், ஆண்டுகள் கடந்தாலும் எளிதில் பிறழாது. ஒரு டிகிரிக்கு 0.4 ஓம்கூட இல்லை என்பதால், இணைப்புக் கம்பிகளின் மின்தடை ஒரு ஓம் சேர்ந்தாலே இரண்டரை டிகிரி பிழை வரும். தொழிற்சாலைகளில் இதற்கு மூன்று அல்லது நான்கு கம்பிகளை இணைப்பது அந்தப் பிழையைக் கழிக்கத்தான். தொடரிணைப்புக் கணக்குக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

மூன்றாவது வகையான வெப்ப மின்னிரட்டைக்கு மின்கலமே வேண்டாம். இரு வேறு உலோகங்களின் சந்திகள் இரண்டும் வேறுபட்ட வெப்பநிலையில் இருந்தால் சுற்றில் மின்னோட்டம் பாயும். 1821இல் சீபெக் இதைக் காந்த ஊசியின் விலகலாகக் கண்டு, காந்தவியல் நிகழ்வு என்றே கருதினார். உலைகளில் பயன்படும் குரோமல்-அலுமல் இணை டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட் தரும். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டிய கருவிக்குள்ளும் இத்தகைய நுண்ணிய இணைகள் பல தொடராக உள்ளன. நெற்றியின் அகச்சிவப்புக் கதிர்கள் அவற்றின் ஒரு பக்கச் சந்திகளைச் சூடாக்குகின்றன.

வகுப்பில் ஓர் இரும்புக் கம்பியின் இரு முனைகளிலும் செப்புக் கம்பிகளை நன்றாகச் சுரண்டி முறுக்குங்கள். செப்பின் மறுமுனைகளை மல்டிமீட்டரில் 200 மில்லிவோல்ட் அளவில் இணையுங்கள். ஒரு சந்தியைக் கொதிநீரில் வைத்தால் ஒரு மில்லிவோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். சந்திகளை மாற்றி வைத்தால் குறி மாறும். பிறகு இரண்டையும் அதே நீரில் வைக்கச் சொல்லுங்கள். ஆனால் மீட்டர் என்ன காட்டும் என்பதை முன்கூட்டியே நோட்டில் எழுதிவிட்டு வைக்கட்டும்.