தொட்டிச் செடிகளுக்கு வரும் சேதம்

கரோல் பாக்கின் மாடி வீடுகளில் கறிவேப்பிலையும் மிளகாயும் தொட்டியில் வளர்க்கிறீர்களா? மழைக்காலத்தில் இளநாற்றுகளின் தண்டு மண்ணோரமாய் அரிக்கப்பட்டிருந்தால், தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். தொட்டவுடன் உருண்டையாய்ச் சுருளும் சாம்பல்நிறப் பூச்சிகள் அடியில் கூடியிருக்கலாம்.

உண்மையில் இவை பூச்சியினமல்ல. நண்டு, இறால் ஆகியவற்றின் உறவு. செவுள் போன்ற உறுப்புகளால் சுவாசிப்பதால் ஈரமின்றி வாழ இயலாது. மட்கிய சருகே இவற்றின் முதன்மை உணவு. மிகுதியாய்ப் பெருகும்போதே இளநாற்றைக் கடிக்கின்றன.

பிள்ளைகள் உண்ணும் கீரையில் விஷமருந்து தெளிக்க வேண்டாம், ஈரத்தைக் குறையுங்கள். மாலையில் அல்ல, காலையில் நீர் ஊற்றுங்கள். உதிர்ந்த இலைகளை அகற்றுங்கள். தொட்டிகளைச் செங்கல்மேல் உயர்த்துங்கள். இரவில் பாதி உருளைக்கிழங்கைக் குடைந்து மண்மீது கவிழ்த்து வையுங்கள். விடியலில் அதனடியில் சேர்ந்தவற்றை எடுத்து உரக்குழியில் விடுங்கள். நாற்றைக் கெடுத்தவை அங்கே சருகை உரமாக்க உதவும்.