மின்பிறப்பாக்கிக்கு ஏற்ற எரிபொருள்

கமக்காரருக்கு நீரிறைக்கும் இயந்திரம் கைபழகியது. ஆதலால், கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ குடியிருக்கும் பிள்ளைகள் மின்வெட்டுக் காலத்துக்கென மின்பிறப்பாக்கி வாங்க எண்ணும்போது, ஊரிலுள்ள பெற்றோரிடம் ஆலோசனை கேட்பதுண்டு. ஆனால், தோட்டத்துக்குப் பொருந்துவது பட்டண வீட்டுக்கும் பொருந்துமெனக் கொள்ளலாகாது. தோட்டத்தில் இயந்திரம் திறந்த வெளியில் நிற்கிறது. பட்டணத்திலோ உறங்கும் அறைக்கு அருகில் நிற்கிறது. எனவே விலையை மட்டும் நோக்காது, எரிபொருளை எங்கே, எத்தனை நாள் வைத்திருப்பது என்பதையும் நோக்குதல் வேண்டும்.

பெற்றோல்: இயந்திரம் விலை குறைந்தது, இலகுவில் இயங்கும். ஆயின், பெற்றோலின் ஆவி சிறு பொறியிலும் தீப்பற்றும். சில மாதங்களில் எண்ணெயின் தரமுங் குன்றும். தொடர்மாடி வீட்டினுள் இதனைச் சேமித்தல் ஆகாது.

மண்ணெண்ணெய்: இதற்கென அமைந்த இயந்திரத்துக்கு மட்டுமே உரியது. 2022 ஆகஸ்டில் இதன் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. ஆதலால், மலிவென்பதை நிலையான காரணமாகக் கொள்ளற்க.

டீசல்: பெற்றோலைப் போல விரைவில் தீப்பற்றாது; குறைந்த செலவில் நெடுநேரம் இயங்கும். முற்றமுள்ள வீட்டுக்கு ஏற்றது. எனினும் இயந்திரம் பாரமும் இரைச்சலும் மிக்கது. எண்ணெயில் நீர் சேராது காத்தல் வேண்டும்.

சமையல் வாயு: பல ஆண்டுகள் கெடாது. ஆனால், கசியும் வாயு காற்றிலும் பாரமானதால் தாழ்ந்த இடங்களிலே தங்கும். காற்றோட்டமுள்ள வெளியிடத்திலேயே சிலிண்டரை நிமிர்த்தி வைக்க வேண்டும்.

2022 மார்ச் 31ஆம் திகதி இலங்கையில் மின்வெட்டு 13 மணி நேரம் நீடித்தது. மணிக்கு அரை லீற்றர் கொள்ளும் சிறு இயந்திரத்துக்கு அன்று ஆறரை லீற்றர் வேண்டியிருந்திருக்கும். அவ்வாண்டிலோ மேற்கூறிய நான்கு எரிபொருள்களுக்குந் தட்டுப்பாடு நேர்ந்தது. விளக்கும் விசிறியும் மட்டுமே தேவையாயின், எரிபொருள் வேண்டாத மின்கலத் தொகுதியே போதுமானது.

எவ்வெரிபொருளாயினும் கவனிக்க வேண்டியவை:

1. புகையிலுள்ள காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குவோரை உணர்த்தாமலே கொல்லும். வீட்டினுள்ளோ, விறாந்தையிலோ, பல்கனியிலோ இயந்திரத்தை இயக்காதீர். கதவு, யன்னல்களிலிருந்து 20 அடியேனும் விலக்கி வையுங்கள். அத்தகைய இடமில்லாத வீட்டுக்கு மின்பிறப்பாக்கி உகந்ததன்று.

2. இயந்திரத்தை நிறுத்தி, சூடாறிய பின்னரே எண்ணெய் வாருங்கள்.

3. மின்பிறப்பாக்கியின் கம்பியைச் சுவரிலுள்ள பிளக்கிற் செருகாதீர். மின்சாரம் வெளிக்கம்பியிற் பாய்ந்து, அதனைத் திருத்தும் ஊழியரின் உயிரைப் பறிக்கக்கூடும்.

நச்சுப்புகை பற்றிய இவ்வெச்சரிக்கை பட்டணத்தாருக்கு மட்டும் உரியதன்று. நீர்மட்டம் தாழ்ந்த கோடையில் நீரிறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி இயக்கினால், அதே நச்சுவாயு அங்குந் தேங்கும். இயந்திரம் நின்ற பின்னரும் உள்ளிறங்குவோர் உயிரிழக்க நேரிடும். ஆதலால், கமக்காரர் தமது இயந்திரத்தை எப்போதும் கிணற்றுக்கு வெளியே, காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்தே இயக்குவாராக.